ஹிமாவை நீக்கும் உரிமை யாருக்கு? எண்ணெய்க் கிணறுகளும் பாலைவனக் காப்பகங்களும்

2007ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் கூடிய யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு, அதுவரை செய்திராத ஒன்றைச் செய்தது. தன் பட்டியலில் இருந்த ஓர் இடத்தை அது அடியோடு நீக்கியது. 1972ல் உலகப் பாரம்பரிய ஒப்பந்தம் உருவான நாளிலிருந்து எந்த இடமும் அப்படி நீக்கப்பட்டதில்லை. நீக்கப்பட்ட இடம் ஓமன் நாட்டின் அரபு ஓரிக்ஸ் காப்பகம். அந்தக் காப்பகத்தின் பரப்பில் 90 சதவீதத்தை ஓமன் அரசே குறைத்துவிட்டது; அங்கே எண்ணெயும் எரிவாயுவும் தேடும் திட்டமும் அதன் கையில் இருந்தது. இனி அந்த இடத்துக்கு உலகப் பாரம்பரியம் என்ற பெயர் பொருந்தாது என்று குழு முடிவு செய்தது.

இத்தனை ஆண்டுக்குப் பின் இதை எடுத்துப் பேசக் காரணம் உண்டு. ஓமனில் நடந்ததைவிடப் பெரிய அளவில் அதே கதை இப்போது ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் நடந்துகொண்டிருக்கிறது. 2024 முதல் அந்நாட்டுப் பாலைவனத்து எண்ணெய், பெனின் நாட்டுக் கடற்கரை வரை குழாயில் போய்க் கப்பல் ஏறுகிறது. இரண்டும் முஸ்லிம்கள் வாழும் நாடுகள். இரண்டிலும் ஒரே கேள்விதான் எழுகிறது: எல்லோருக்கும் பொதுவானது என்று ஒதுக்கிப் பாதுகாத்த நிலத்தை, பிறகு ஒருநாள் ஆட்சியாளர் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா? இந்தக் கேள்விக்கு நம் ஃபிக்ஹு நூல்களில் நேரடியான பேச்சு இருக்கிறது. சுற்றுச்சூழல் என்றாலே ஐரோப்பாவிலிருந்து வந்த விஷயம் என்று நினைப்பவர்கள் அதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

சும்மா கிடக்கும் மணலா?

ஓமனில் சொந்தக்காரர் யாரும் இல்லாத தெரு நம் ஊர்களில் அரிது. மஸ்கட்டிலிருந்து ஸலாலாவுக்கு நிஸ்வா வழியாகப் பேருந்தில் போன சபராளிகளுக்கு அந்தப் பாதை நினைவிருக்கும். ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். ஆதம் ஊரைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தட்டையான சரளைக்கல் வெளி. நடுவில் ஹைமா என்றொரு சிற்றூர். டீசல் போடவும் தொழவும் வண்டி நிற்கும். (இந்த ஊர்ப்பெயருக்கும் நாம் பின்னால் பேசப்போகும் ஹிமாவுக்கும் தொடர்பில்லை, அரபியில் எழுத்தே வேறு.) அந்த வெளிக்கு ஜித்தத் அல்ஹராஸீஸ் என்று பெயர். ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் அங்கே ஒன்றுமே இல்லை என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் அங்கே பனிமூட்டம் வரும். அரபிக்கடலின் ஈரக்காற்று இரவில் உள்ளே நகர்ந்து, விடியற்காலையில் கல்லிலும் செடியிலும் நீர்த்துளிகளாக இறங்கும். பல ஆண்டுகள் மழையே இல்லாமல் போனாலும் இந்த ஈரத்தை நம்பியே புல்லும் வேலமரமும் நிற்கின்றன. அரபிகள் ‘காஃப்’ என்று அழைக்கும் மரமும் அங்கே உண்டு. அது வேறொன்றுமில்லை, நம் ஊர் வன்னி மரம்தான், அதே இனம். அந்தப் புல்லையும் மரத்தையும் நம்பி அரபு நவ்வி மான்கள், வரையாடுகள், ஓநாய்கள், கராகல் பூனைகள், ஹுபாரா என்னும் கானமயில் இனப் பறவைகள் வாழ்கின்றன. மனிதர்களும்தான். ஹராஸீஸ் என்ற பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக அங்கே ஆடும் ஒட்டகமும் மேய்ப்பவர்கள். அரபியிலிருந்து வேறான, ஹர்ஸூஸி என்ற சொந்த மொழி அவர்களுக்கு உண்டு.

ஃபிக்ஹில் இத்தகைய நிலத்தை ‘மவாத்’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் செத்த நிலம். ஆனால் இது உரிமை பற்றிய சொல். உயிர் பற்றிய சொல் அல்ல. யாருடைய உடைமையாகவும் ஆகாத, பயிர் செய்யப்படாத நிலம் என்பதே கருத்து. அதை உயிரே இல்லாத நிலம் என்று புரிந்துகொண்டதில் பல தவறான முடிவுகள் தொடங்குகின்றன. நிலத்தில் ஊர்வனவும் வானில் பறப்பனவும் நம்மைப் போலவே சமுதாயங்கள் என்று கற்பிக்கப்பட்ட உம்மத்துக்கு இந்தத் தவறு ஏற்பட்டிருக்கவே கூடாது.

ஒரு வெண்மானின் கதை

கத்தார் ஏர்வேஸ் விமானத்தின் வாலில் நீண்ட கொம்புடைய ஒரு மான் தலை இருக்கிறதே, அதுதான் ஓரிக்ஸ். அரபியில் ‘மஹா’. வெண்ணிற உடல், கறுத்த கால்கள், வாள் போல நேரான இரண்டு கொம்புகள். எங்கோ தொலைவில் மழை பெய்தால் அதை உணர்ந்து, புல் முளைக்கும் இடம் தேடிப் பல பத்து கிலோமீட்டர் நடக்கும் பிராணி. பரந்த வெளி இல்லாமல் அதற்கு வாழ்க்கை இல்லை. இந்த ஒன்றை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒட்டகத்தில் போய் ஈட்டியும் பழைய துப்பாக்கியும் கொண்டு வேட்டையாடிய காலம் வரை மனிதனும் இந்த மானும் ஒரே பாலையில் வாழ முடிந்தது. எண்ணெய் வந்த பிறகு ஜீப் வந்தது, தானியங்கித் துப்பாக்கி வந்தது. வேட்டைக்குழுக்கள் வண்டிகளில் துரத்தித் துரத்திச் சுட்டன. அழிவு நெருங்குவதைக் கண்டு 1962ல் தென் அரேபியாவிலிருந்து சில மான்களைப் பிடித்து, அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் மிருகக்காட்சி சாலைக்குக் கொண்டுபோய் இனப்பெருக்கம் செய்தார்கள். 1972ல் காட்டில் இருந்த கடைசி மந்தையும் ஜித்தத் அல்ஹராஸீஸில் கொல்லப்பட்டது. அரேபியாவின் அடையாளமான ஒரு விலங்கு, அரேபியாவின் பாலைவனத்தில் ஒன்றுகூட இல்லை என்ற நிலை வந்தது.

அதன்பின் நடந்ததை ஓமனின் பெருமை என்றே சொல்ல வேண்டும். சுல்தான் காபூஸ் அந்த மானைத் திரும்பக் கொண்டுவர முடிவு செய்தார். 1982 ஜனவரியில் ஜஅலூனி என்ற இடத்தில் 10 மான்கள் திறந்தவெளியில் விடப்பட்டன. காவலர்களாக ஹராஸீஸ் இளைஞர்களே நியமிக்கப்பட்டார்கள். 1994ல் 27,500 சதுர கிலோமீட்டர் காப்பகம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. 1996ல் மந்தை 450ஐ எட்டியது. அழிந்த இனம் ஒன்றைத் தன் மண்ணிலேயே மீட்டதற்கு உலகம் அப்போது காட்டிய உதாரணம் இதுதான்.

அந்த 1996லேயே சரிவும் தொடங்கியது. இந்த முறை கொல்வதற்காக வரவில்லை, உயிரோடு பிடிக்க வந்தார்கள். வசதி படைத்தவர்களின் சொந்தப் பண்ணைகளில் அழகுக்கு நிறுத்திவைக்க ஓரிக்ஸ் மானுக்கு நல்ல விலை இருந்தது. பெட்டை மான்களையும் குட்டிகளையும் வண்டியில் துரத்திப் பிடித்தார்கள். பிடிபட்டவற்றில் பல வழியிலேயே செத்தன. 2007ல் எஞ்சியவை சுமார் 65. அவற்றில் இனப்பெருக்கம் செய்யக்கூடிய ஜோடிகள் நான்கு அளவில்தான்.

நியாயமாகப் பேச வேண்டும். மானைக் குறைத்தது முதலில் திருட்டு வேட்டை, எண்ணெய் அல்ல. ஆனால் மந்தை மெலிந்து கிடந்த நேரம் பார்த்து நிலத்தையும் குறைத்தார்கள். மான் திரும்பிப் பெருகுவதற்கு இருந்த ஒரே மூலதனம் அந்தப் பரந்த வெளி. மான் குறைந்துவிட்டது, ஆகவே நிலம் எதற்கு என்ற வாதம், நோயாளி மெலிந்துவிட்டார், ஆகவே சோறு எதற்கு என்பது போன்றது.

கிணறு பிடிக்கும் இடம் எவ்வளவு?

எண்ணெய்த் துறையினர் எப்போதும் ஒரு கணக்குச் சொல்வார்கள். ஒரு கிணற்றுக்குச் சில ஏக்கர் போதும், இவ்வளவு பெரிய பாலைவனத்தில் அது ஒரு கடுகு. கணக்கு சரிதான். ஆனால் பாதிப்பு கிணற்றடியில் தொடங்கிக் கிணற்றடியிலேயே முடிவதில்லை.

முதலில் வருவது நில அதிர்வு ஆய்வு. பாறைக்கு அடியில் எண்ணெய் இருக்கிறதா என்று அறிய, கனரக வண்டிகள் நேர்க்கோடுகளாகப் பாலைவனத்தைக் குறுக்கும் நெடுக்கும் உழுதுகொண்டு போய், தரையை அதிரவைத்து எதிரொலியைப் பதிவு செய்யும். பாலைவனத் தரைக்கு ஒரு மேல்தோல் உண்டு. காற்று மெல்லிய மண்ணை அடித்துப் போன பிறகு மேலே நெருக்கமாகப் படிந்துவிட்ட சரளை அது. அந்தத் தோல் உடைந்தால் அடியில் உள்ள மண் பறந்துபோகும். விதைகளும் அதோடு போகும். வயலில் ஏர் ஓட்டினால் அடுத்த மழையில் ஆறிவிடும். இங்கே ஆறாது. இரண்டாம் உலகப் போரில் எகிப்து, லிபியா பாலைவனங்களில் ஓடிய ராணுவ வண்டிகளின் தடம் இன்னும் தெரிகிறது.

அடுத்தது சாலை. கிணறு தோண்டுபவன் வேட்டைக்காரன் இல்லாமல் இருக்கலாம், ஆனால் அவன் போட்ட சாலை வேட்டைக்காரனுக்கும் சாலைதான். முன்பு வழி தெரிந்த பதுவி மட்டும் போகக்கூடிய இடத்துக்கு இப்போது யாரும் இரவோடு இரவாகப் போய்த் திரும்பலாம். நமக்குத் தெரிந்தவரை, பாலைவன விலங்குகளுக்கு எண்ணெய்த் தொழில் செய்யும் கேடுகளில் பெரியது இதுதான்.

பிறகு தண்ணீர். ஓமனின் பழைய கிணறுகளில் எண்ணெயைவிடப் பல மடங்கு உவர்நீர் சேர்ந்து மேலே வருகிறது. எண்ணெய்க் கசிவும் உப்பும் கலந்த அந்த நீரைக் குளம்போல் தேக்கிவைத்தால், வலசை வரும் பறவை அதை ஏரி என்று நம்பி இறங்கும், இறங்கினால் எழாது. எரிவாயுச் சுடரின் வெளிச்சம், இரைச்சல், மின்கம்பி, குழாய்ப் பாதை என்று இன்னும் உண்டு. அவற்றை இங்கே விரிக்கவில்லை.

மின்ஹாஜில் இருக்கும் மூன்று சொற்கள்

இனி ஹிமாவுக்கு வருவோம். அறியாமைக் காலத்தில் அரபுத் தலைவர்கள் நல்ல மேய்ச்சல் நிலத்தைத் தங்களுக்கென்று வளைத்துக்கொண்டு, மற்றவர்களின் ஆடு மாடு அதில் கால் வைக்கக்கூடாது என்று தடுத்து வந்தார்கள். அதற்குப் பெயர் ஹிமா. இறைத்தூதர் (ஸல்) அவர்கள் அந்த வழக்கத்தின் அடிப்படையையே மாற்றினார்கள். இனி ஹிமா என்பது அல்லாஹ்வுக்கும் அவனுடைய தூதருக்கும் மட்டுமே உரியது என்று அறிவித்தார்கள். அதாவது தனி மனிதர் எவருக்கும் ஹிமா இல்லை. பொது நன்மைக்கு மட்டுமே உண்டு. மதீனாவுக்குத் தெற்கே உள்ள ‘நகீஃ’ பள்ளத்தாக்கை முஸ்லிம்களின் பொதுக் குதிரைகளுக்காக அவர்கள் ஹிமாவாக்கினார்கள். (பெயர் ஒற்றுமையால் ஜன்னத்துல் பகீஉ அடக்கத்தலத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

உமர் (ரலி) அவர்கள் ரபதா, ஷரஃப் ஆகிய இடங்களையும் ஹிமாவாக்கினார்கள். அதற்குக் காவலராக நியமித்த ஹுனைக்கு அவர்கள் சொன்ன அறிவுரை புகாரியில் பதிவாகியிருக்கிறது. நாம் அதைக் கருத்தாகச் சொல்கிறோம். மக்கள் மீது கை நீட்டாதே, அநீதி இழைக்கப்பட்டவனின் பிரார்த்தனைக்கு அஞ்சிக்கொள் என்று தொடங்குகிறார்கள். கொஞ்சம் ஒட்டகமும் கொஞ்சம் ஆடும் வைத்திருப்பவனை உள்ளே விடச் சொல்கிறார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), உஸ்மான் இப்னு அஃப்பான் (ரலி) ஆகியோரின் மந்தைகள் விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறார்கள். காரணம் அந்த இருவர் மீதும் குறை கண்டதல்ல. அவர்களின் கால்நடை செத்தாலும் பேரீச்சந்தோப்பும் விளைநிலமும் அவர்களுக்கு உண்டு. ஏழையின் கால்நடை செத்தால் அவன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கலீஃபாவின் வாசலுக்குத்தான் வருவான். அப்போது புல்லைவிடத் தங்கமும் வெள்ளியுமல்லவா கொடுக்க வேண்டியிருக்கும் என்று கணக்கும் போடுகிறார்கள். இன்னொன்றையும் மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார்கள்: இது இந்த மக்களின் நாடு, இதற்காக அவர்கள் போரிட்டிருக்கிறார்கள், இதில் இருந்துகொண்டே இஸ்லாத்தில் நுழைந்தார்கள், ஆகவே நான் அநீதி செய்வதாக அவர்கள் எண்ணக்கூடும்.

ஒரு காப்பகத்தின் நிர்வாகம் பற்றி இதைவிடத் தெளிவான ஆவணம் வேண்டுமா? யாரை உள்ளே விடுவது, யாரைத் தள்ளிவைப்பது, உள்ளூர்க்காரனின் மனக்குறையை எப்படி எண்ணுவது எல்லாம் இருக்கிறது.

இப்போது மின்ஹாஜ். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் இந்த நூலைக் கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈ மத்ரஸாக்களில் ஓதியவர்களுக்கு ‘இஹ்யாவுல் மவாத்’ பாடம் நினைவிருக்கும். அதில் ஹிமாவுக்குச் சில வரிகள்தான். இமாம், அதாவது ஆட்சியாளர், மவாத் நிலத்தின் ஒரு பகுதியைப் பொதுக் கால்நடைகளுக்காகவும், மேய்ச்சல் தேடி வெகுதூரம் போக முடியாத பலவீனர்களின் கால்நடைகளுக்காகவும் ஹிமாவாக்கலாம். தேவை ஏற்பட்டால் தான் போட்ட ஹிமாவை அவர் நீக்கவும் செய்யலாம். தனக்காக ஹிமா போட முடியாது. பெருமானார் (ஸல்) அவர்கள் போட்ட ஹிமாவை மட்டும் யாரும் நீக்க முடியாது என்று உரையாசிரியர்கள் சேர்த்துச் சொல்கிறார்கள்.

ஆகவே உண்மையை உள்ளபடி சொல்லிவிடுவோம். ஒரு காப்பகத்தை நீக்குவதே ஹராம் என்று மேடையில் முழங்க நம் நூல்கள் இடம் தரவில்லை. ஓமன் அரசு செய்தது அடிப்படையிலேயே அதன் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்றும் நாம் சொல்லவில்லை. (ஓமனில் இபாழி மத்ஹபும் இருக்கிறது, அவர்களின் நூல்கள் வேறு.) ஆனால் நீக்கும் அனுமதி ஒரே ஒரு சொல்லோடு கட்டப்பட்டிருக்கிறது: ‘லில்ஹாஜா’, தேவைக்காக. அதை ஒட்டியே ‘தனக்காக அல்ல’ என்ற வாசகமும் நிற்கிறது. பேச வேண்டியது இந்தச் சொற்களைப் பற்றித்தான். எது தேவை? யாருடைய தேவை?

ஓமனின் தேவை கற்பனை அல்ல. 2001ல் நாளொன்றுக்கு 9,50,000 பீப்பாய்க்கு மேல் எடுத்த நாடு, 2007ல் 7,10,000 அளவுக்கு இறங்கிவிட்டது. அரசின் வருவாயில் பெரும்பகுதி எண்ணெய், எரிவாயுவிலிருந்து வருகிறது. பள்ளிக்கூடம், மருத்துவமனை, சம்பளம் எல்லாம் அதில்தான். பிறகு பழைய வயல்களில் நீராவி செலுத்தி எண்ணெய் எடுக்கும் முறைகள் உள்ளிட்ட பலவற்றால் உற்பத்தி ஏறி, 2016ல் 10 லட்சம் பீப்பாயைத் தாண்டியது. எண்ணெய் நிறுவனங்களின் பேராசை என்ற ஒற்றைச் சொல்லால் இதை முடித்துவிட நமக்கு மனம் வரவில்லை.

ஆனால் தேவை என்றால் அதற்கு அளவு உண்டு. நிர்ப்பந்தம் அனுமதிப்பது அந்த நிர்ப்பந்தத்தின் அளவுக்குத்தான் என்பது உஸூல் படித்த எவருக்கும் பாலபாடம். தேடலுக்கு வேண்டிய இடம் எவ்வளவு என்று அளந்து, அதை மட்டும் விலக்கி, மான்கள் நடமாடும் தடத்தை விட்டுவைத்து, சாலைகளில் காவல் போட்டிருந்தால் அது ஹாஜாவின் அளவு. 90 சதவீதம் என்பது அளந்து எடுத்ததாகத் தெரியவில்லை. இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்று முடித்துக்கொண்டதாகவே தெரிகிறது. இன்னொன்றும் இருக்கிறது. ஹராஸீஸ் மக்களுக்குக் காவலர் வேலை கிடைத்தது உண்மை. ஆனால் காப்பகத்தின் எல்லையை வரைந்தபோதும் அவர்கள் முடிவெடுக்கும் இடத்தில் இல்லை, அழித்தபோதும் இல்லை. உமர் (ரலி) அவர்கள் கவலைப்பட்டது இந்த இடத்தைப் பற்றித்தான்.

நைஜர்: தேவையும் இல்லாமல் போன இடம்

ஓமனைப் பற்றி இரண்டு பக்கமும் பேசலாம். நைஜரைப் பற்றி அப்படிப் பேச நமக்கு முடியவில்லை.

நைஜரின் கிழக்கே, சஹாராவின் நடுவில் தெர்மித் மலைத்தொடரும் தின் தூம்மா மணல்வெளியும் உள்ளன. 2012ல் அரசு அங்கே சுமார் 97,000 சதுர கிலோமீட்டரை இயற்கைக் காப்பகமாக அறிவித்தது. தமிழ்நாட்டின் பரப்பில் முக்கால் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முறுக்கிய கொம்புடைய அடாக்ஸ் என்ற வெண்மான் காட்டில் மிஞ்சியிருப்பது ஏறத்தாழ அந்த வெளியில்தான். ஆனால் அதற்கு முன்பே, 2008ல், பக்கத்து அகாதெம் பகுதி சீனத் தேசியப் பெட்ரோலிய நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது; 2011ல் எண்ணெய் வரத் தொடங்கியது. எண்ணெய்ப் பகுதியும் காப்பகமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தன.

எண்ணெய் வயலுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று ராணுவத்தினரை அனுப்பினார்கள். லிபியாவிலிருந்தும் போகோ ஹராம் பக்கமிருந்தும் ஆயுதங்கள் புழங்கும் இடம் அது, பாதுகாப்புத் தேவைதான். ஆனால் காவலுக்கு வந்த வீரர்களே அடாக்ஸை வேட்டையாடினார்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் பகிரங்கமாகக் குற்றம் சாட்டியது. 2016 மார்ச்சில் வானிலிருந்தும் தரையிலிருந்தும் நடத்திய கணக்கெடுப்பில் கண்ணில் பட்டவை மூன்றே மூன்று மான்கள். எண்ணிக்கையில் வராதவை சில இருந்திருக்கும். அப்படியும் காட்டில் நூறுகூட இல்லை என்பதே நிபுணர்களின் மதிப்பீடு. 2019ல் அரசு என்ன செய்தது? காப்பகத்தின் எல்லையை மாற்றி, ஏறத்தாழ பாதிப் பரப்பைக் கழற்றிவிட்டது.

உலகின் ஆக ஏழை நாடுகளில் ஒன்று நைஜர். அந்த மக்களுக்கு எண்ணெய் வருமானம் தேவையில்லை என்று வயிறு நிறைந்த நாம் சொல்ல முடியாது. நாம் கேட்பது வேறு. 97,000 சதுர கிலோமீட்டரை ஒதுக்கும்போதே எண்ணெய் ஒப்பந்தம் கையில் இருந்தது. எண்ணெய் எடுப்பதற்கு மானைச் சுட வேண்டிய அவசியம் எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. சாலையைக் காவல் காத்திருந்தால், வீரர்களைக் கண்டித்திருந்தால், எண்ணெயும் வந்திருக்கும், மானும் இருந்திருக்கும். எல்லையைக் குறைத்ததற்கு இங்கே தேவை என்ற பெயர் பொருந்தவில்லை.

பக்கத்து நாடான சாடில் வேறு காட்சி. அங்கே 78,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு காப்பகத்தில், காட்டில் முற்றாக அழிந்துபோயிருந்த இன்னொரு ஓரிக்ஸ் இனத்தை 2016 முதல் திரும்ப விட்டுவருகிறார்கள். அது பெருகியதால் 2023ல் அழிந்த இனங்களின் நிலையிலிருந்து அதை மாற்றி எழுதினார்கள். அதற்குப் பணமும் மான்களும் அபுதாபியிலிருந்து போனவை. எண்ணெய்ப் பணம்தான். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

பாலைவனத்து மக்கள் வாய் திறந்தபோது

மானுக்குப் பேச வாய் இல்லை, மனிதருக்கு உண்டு. அல்ஜீரியாவின் தென்பகுதியில் ஐன் ஸாலிஹ் என்ற சஹாரா ஊர். 2014 டிசம்பர் கடைசியில், அருகே தோண்டிய முதல் ஷேல் எரிவாயுக் கிணறு வெற்றி என்று அரசு அறிவித்தது. 2015 புத்தாண்டு நாளிலிருந்து ஊரே தெருவுக்கு வந்துவிட்டது. சதுக்கத்தில் வாரக்கணக்காக அமர்ந்திருந்தவர்களில் பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்கள் கேட்டது வேலையோ பங்கோ அல்ல; தண்ணீர். பாறையை உடைத்து வாயு எடுக்க ஒரு கிணற்றுக்கே ஆயிரக்கணக்கான கன மீட்டர் நீரை ரசாயனம் கலந்து இறக்க வேண்டும். அந்த ஊர் குடிப்பதோ பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் சேர்ந்த, இனி மழையால் நிரம்பாத நீரை. அதைத் தரைக்கடியில் சுரங்க வாய்க்காலாகக் கொண்டுவந்து பேரீச்சந்தோப்புக்குப் பாய்ச்சும் ‘ஃபொக்காரா’ முறை அவர்களின் முன்னோர் கொடுத்தது. ஓமனில் நாம் பார்க்கும் ‘ஃபலஜ்’ போன்றது.

தண்ணீர், மேய்ச்சல், நெருப்பு மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்று ஹதீஸ் சொல்கிறது. நெருப்பு என்பதில் இன்றைய எரிபொருளும் அடங்கும் என்று விளக்குவோர் உண்டு. அப்படியானால் ஐன் ஸாலிஹில் மோதிக்கொண்டது ஒரே ஹதீஸின் இரண்டு பங்குகள். நெருப்பின் பங்கு தலைநகருக்குப் போகிறது, தண்ணீரின் பங்கு உள்ளூரில் கெடுகிறது என்றால் அது கூட்டு ஆகாது. போராட்டத்துக்குப் பிறகு அங்கே வேலை ஓய்ந்தது. ஆனால் 2017லும் 2020லும் ஷேல் வாயு தேவை என்ற பேச்சை அரசு மீண்டும் எடுத்தது.

நம் பக்கம்

நம் வீடுகள் பலவற்றின் கூரை எண்ணெய்ப் பணத்தில் போட்டது. பள்ளிவாசல் மினாராவிலும் அந்தப் பணம் இருக்கிறது, மத்ரஸா மாணவர் சாப்பிடும் சோற்றிலும் இருக்கிறது. ஃபஹூதிலும் மர்மூலிலும் எண்ணெய் முகாம்களில் வேலை பார்க்கும் பிள்ளையைப் பார்த்து, நீ ஹராமான தொழில் செய்கிறாய் என்று சொல்ல நாம் வரவில்லை; அது பொய்யும் ஆகும். ஆனால் அந்தத் தொழிலை எப்படிச் செய்வது என்பதில் நல்லது கெட்டது உண்டு. ஓமனின் நிம்ர் வயலில் எண்ணெயோடு வரும் உவர்நீரை நாளொன்றுக்கு 1,00,000 கன மீட்டருக்கு மேல் நாணல் படுகைகளில் விட்டுச் சுத்தம் செய்கிறார்கள். நாணல் வேரில் உள்ள நுண்ணுயிர்கள் எண்ணெயைத் தின்றுவிடுகின்றன. பறவைகளுக்கு அது ஒரு சதுப்புநிலமாகவே ஆகிவிட்டது. பறவை செத்து மிதக்கும் குளமாக இருந்திருக்க வேண்டிய நீர் அது.

சவூதியில் அராம்கோ நிறுவனம் ஷைபா எண்ணெய் வயலின் பக்கத்தில் 637 சதுர கிலோமீட்டருக்கு வேலி போட்டு ஓரிக்ஸும் மான்களும் தீக்கோழிகளும் வளர்க்கிறது. வரவேற்கலாம். ஆனால் மழை தேடி நடக்கும் விலங்குக்கு வேலி எவ்வளவு பெரிதானாலும் வேலிதான். 2023ல் சவூதியின் முதல் இயற்கைப் பாரம்பரிய இடமாக யுனெஸ்கோ ஏற்ற உரூக் பனீ மஆரிழ் வேறு வகை: ருப்உல் காலியின் மேற்கு ஓரத்தில், 1995ல் விடப்பட்ட ஓரிக்ஸ் அங்கே திறந்தவெளியில் வாழ்கிறது. அரபுலகில் இரண்டும் நடக்கின்றன. பின்னதைப் போல இன்னும் நான்கு வந்தால் நாம் மகிழ்வோம்.

வளைகுடாவில் இருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வார விடுமுறையில் வண்டியை எடுத்துக்கொண்டு பாலைவனம் போவது இப்போது வழக்கமாகிவிட்டது. போங்கள், ஆனால் ஏற்கனவே உள்ள தடத்திலேயே ஓட்டுங்கள். சரளை வெளியில் புதுத்தடம் போடாதீர்கள். ஹுபாரா கறியோ மான்கறியோ யாராவது தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். அங்கெல்லாம் அதற்குச் சிறைத் தண்டனை உண்டு என்பது ஒருபுறம் இருக்க, அது யாருடைய ஹிமாவிலிருந்து வந்தது என்று நமக்குத் தெரியாது. முகாமில் பொறுப்பில் இருப்பவர்கள் கழிவுநீர்க் குழிக்கு வலை போட்டிருக்கிறதா என்று பாருங்கள், பாதுகாப்புக் கூட்டத்தில் கேளுங்கள். ஜும்ஆ உரை ஆற்றும் ஆலிம்கள் ஹுனைக்குச் சொன்ன அறிவுரையை ஒரு வெள்ளிக்கிழமை எடுத்துப் பேசலாம்; நம் மிம்பர்களில் அது அதிகம் ஒலித்ததாக நினைவில்லை.

அடுத்த முறை ஸலாலா போகும் பேருந்து ஹைமாவில் நிற்கும்போது பிள்ளைகளுக்குக் கிழக்குத் திசையைக் காட்டுங்கள். அந்தப் பக்கத்தில்தான் ஜஅலூனி. காப்பகத்தின் மிஞ்சிய பகுதிக்கு இப்போது அல்வுஸ்தா வனவிலங்குக் காப்பகம் என்று பெயர். முன் அனுமதி வாங்கினால் பார்க்கலாம். ஓரிக்ஸ் இன்று நூற்றுக்கணக்கில் இருக்கிறது, பெரும்பாலும் வேலிக்குள்.